வென்றால் வியூகம், தோற்றால் திமிர்!

(பட்டிமன்றத் தலைப்பு: ரசிகர்களின் விமர்சனம் விளையாட்டு வீரனை வளர்க்கிறதா? வதைக்கிறதா? ‘வதைக்கிறதே’ என்ற அணியில் ஆற்றிய உரை.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! வளர்க்கிறது, வளர்க்கிறது என்று வாதாடி, இந்த அரைமணி நேரம் நம்மை எல்லாம் நன்றாக வதைத்துவிட்டு அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) என் அணியைச் சார்ந்த அன்பர்களே! அரங்கம் நிறைந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! பொங்கல் பானையை இறக்கி வைத்த கையோடு தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும் நேயர்களே! 

நடுவர் அவர்கள் இந்த முறை ஆளுக்கொரு விளையாட்டு என்று பிரித்துக் கொடுத்துவிட்டார். கிரிக்கெட்டை எதிரணித் தலைவர் எடுத்துக்கிட்டார். கபடியை என் அணித் தம்பி எடுத்துக்கிட்டார். கால்பந்தை அம்மையார் எடுத்துக்கிட்டாங்க. பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவனுக்கு என்ன கிடைக்கும்? எனக்கு மிச்சம் இருந்தது ரக்பி! (சிரிப்பு)

வீட்டில் போய்ச் சொன்னேன். என் மனைவி மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டுச் சொன்னாங்க: “கேரம் போர்டுல ஒரு காயைக் குழியில தள்ளத் தெரியாது. நீங்க ரக்பியைப் பத்திப் பேசப் போறீங்களா?” நான் சொன்னேன்: “அம்மா, விளையாடத் தெரியாதவன்தான் விளையாட்டைப் பற்றி அதிகம் பேசுவான். இன்றைய தலைப்பே அதுதான்!” (கைத்தட்டல்)

தெரியாத நேயர்களுக்கு இரண்டே வரியில் சொல்லிவிடுகிறேன். ஒரு அணிக்குப் பதினைந்து பேர். எண்பது நிமிட ஆட்டம். பந்து உருண்டையாக இருக்காது, முட்டை வடிவத்தில் இருக்கும். கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். ஆனால் கையால் எறிவதென்றால் முன்னால் இருப்பவனுக்கு எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோ வருகிறவனுக்குத்தான் எறிய வேண்டும். எதிரியின் எல்லைக்குள் பந்தைத் தரையில் வைத்துவிட்டால் அதற்குப் பெயர் ‘ட்ரை’. ஐந்து புள்ளி. அதன்பின் கம்பத்துக்கு நடுவே உதைத்தால் இன்னும் இரண்டு. எதிரணி தவறு செய்தால் பெனால்டி. அதைக் கம்பத்துக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி. இந்த மூன்று புள்ளியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் பேச்சு முழுக்க அதில்தான் இருக்கிறது.

இது ஏதோ வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879-லிருந்து ஒரு கோப்பைக்காக ஆடுகின்றன. அதன் பெயர் கல்கத்தா கோப்பை! கல்கத்தாவில் இருந்த ஆங்கிலேயர்களின் கிளப் கலைக்கப்பட்டபோது, வங்கிக் கணக்கில் மிச்சமிருந்த 270 வெள்ளி ரூபாயை உருக்கிச் செய்த கோப்பை அது. கைப்பிடிகள் நாகப் பாம்புகள், மூடியின்மேல் யானை. நம்ம ஊர் வெள்ளி, நம்ம ஊர்ப் பாம்பு, நம்ம ஊர் யானை. சண்டை மட்டும் அவங்களுக்குள்ளே! (சிரிப்பு)

சரி, வழக்குக்கு வருகிறேன்.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? “உளி படாமல் கல் சிலையாகுமா? ரசிகனின் விமர்சனம்தான் உளி” என்றார். அழகான உவமை. நானும் கை தட்டினேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். உளியைப் பிடித்திருக்கிறவனுக்குச் சிற்பம் தெரிய வேண்டாமா? எந்த இடத்தில் அடிக்க வேண்டும் என்று தெரியாதவன் கையில் உளியைக் கொடுத்தால் கல் சிலையாகாது ஐயா, ஜல்லியாகும்! (பலத்த கைத்தட்டல்)

நான் காற்றில் கத்தி சுற்றவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

2015-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். லண்டனில் இருக்கிற என் மைத்துனர் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்குள்ள தமிழ் அன்பர்கள் இரண்டு கூட்டம் ஏற்பாடு செய்திருந்தார்கள். போன நேரம் பார்த்து இங்கிலாந்தில் ரக்பி உலகக் கோப்பை. பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரக்பி என்றால் உயிர். “வாங்க ப்ரொபசர், எங்க ஆட்டத்தைப் பாருங்க” என்று கூப்பிட்டார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனுஷன். தேநீர் கொடுத்து, விதிமுறை எல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

செப்டம்பர் 19, சனிக்கிழமை. பிரைட்டன் நகரத்தில் தென்னாப்பிரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் ஆட்டம். தென்னாப்பிரிக்கா அதற்குள் இரண்டு முறை உலகக் கோப்பையை வென்றிருந்த அணி. ஜப்பான்? அதற்கு முந்தைய ஏழு உலகக் கோப்பைகளிலும் கலந்துகொண்டு, மொத்தமாக ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம்! 1991-ல் ஜிம்பாப்வேயை வென்றதோடு சரி. 1995-ல் நியூஸிலாந்திடம் அவர்கள் வாங்கிய அடி 145-க்கு 17. யானைக்கும் பூனைக்கும் போட்டி என்றுதான் எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

பூனை என்ன செய்தது தெரியுமா? கடைசி நிமிடங்கள். தென்னாப்பிரிக்கா 32, ஜப்பான் 29. எதிரியின் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் ஜப்பானுக்குப் பெனால்டி கிடைக்கிறது. உதைத்தால் மூன்று புள்ளி. 32-க்கு 32. சமன்! தென்னாப்பிரிக்காவோடு சமன் என்றால் ஜப்பானில் தேசியத் திருவிழா கொண்டாடலாம். பயிற்சியாளர் எடி ஜோன்ஸ் மேலே உட்கார்ந்துகொண்டு, ‘மூன்றை எடு, மூன்றை எடு’ என்று துடித்திருக்கிறார். பின்னாளில் அவரே சொன்னது இது. ஆனால் கேப்டன் மைக்கேல் லீச் என்ன செய்தார்? உதை வேண்டாம், ‘ஸ்க்ரம்’ என்றார். ஸ்க்ரம் என்றால் எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தோளோடு தோள் கோத்து முட்டித் தள்ளுவது. சமன் வேண்டாம், வெற்றி வேண்டும் என்று பொருள்.

தள்ளினார்கள். பந்து வெளியே வந்தது. வலது பக்கம் போனது, திரும்பி இடது பக்கம் வந்தது. கடைசியில் கார்ன் ஹெஸ்கெத் என்பவர் மூலையில் பாய்ந்து பந்தை வைத்தார். ட்ரை! 34-க்கு 32. ஜப்பான் வென்றது!

பக்கத்து வீட்டுப் பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தார். எழுபது வயது! கண்ணில் தண்ணீர். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “பார்த்தீங்களா? இவன்தான் கேப்டன்! பிச்சை எடுக்கிற மாதிரி மூணு புள்ளி கேட்கலை பாருங்க! தைரியம்னா இதுதான்!” எனக்கும் மெய் சிலிர்த்தது.

ஏழே நாள். அடுத்த சனிக்கிழமை. செப்டம்பர் 26. லண்டன் ட்விக்கன்ஹாம் மைதானம். இங்கிலாந்தும் வேல்ஸும் மோதுகின்றன. அதே பெரியவர், அதே நாற்காலி, அதே தேநீர். கடைசி நிமிடங்கள். வேல்ஸ் 28, இங்கிலாந்து 25. வித்தியாசம் எவ்வளவு? மூன்று! இங்கிலாந்துக்கு ஒரு பெனால்டி கிடைக்கிறது. உதைத்தால் மூன்று புள்ளி, சமன். கேப்டன் கிறிஸ் ராப்ஷா யோசிக்கிறார். உதை வேண்டாம் என்கிறார். பந்தை மூலைக்கு அனுப்பி, ‘லைன் அவுட்’ எடுத்து, ட்ரை போட்டு வெல்லலாம் என்கிறார். சமன் வேண்டாம், வெற்றி வேண்டும்!

எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இருக்கிறதா? (சிரிப்பு)

லைன் அவுட் என்றால், கோட்டுக்கு வெளியே போன பந்தை, இரண்டு அணியும் வரிசையாக நிற்க, நடுவில் எறிவது. இங்கிலாந்து அந்த வரிசையின் முன்முனைக்கு எறிந்தது. பந்து கிடைத்தது. ஆனால் முன்முனை என்பது கோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற இடம். வேல்ஸ் வீரர்கள் கூட்டமாகப் பாய்ந்து, பந்தோடு ஆளையும் சேர்த்துக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். கதை முடிந்தது. வேல்ஸ் வென்றது.

பெரியவர் முகம் சிவந்துவிட்டது. “திமிர்! தலைக்கனம்! மூணு புள்ளியை எடுக்கத் தெரியாதவன் எல்லாம் கேப்டனா? இவனை எவன் கேப்டன் ஆக்கினான்?” தேநீர்க் கோப்பையை மேஜையில் வைத்த வேகத்தில் சாஸர் தனியாக ஆடியது.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் முப்பது வருஷமாக மேடையில் கேள்வி கேட்டே பழகின வாய். மெதுவாகக் கேட்டேன்: “ஐயா, போன சனிக்கிழமை ஜப்பான்காரர் செய்ததும் இதுதானே?”

அவர் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “அது வேற. அவன் ஜெயிச்சான்.”

நடுவர் அவர்களே! இந்த இரண்டு சொல்தான் என் வழக்கு. ‘அவன் ஜெயிச்சான்.’ ரசிகன் எடுத்த முடிவைப் பார்ப்பதில்லை. நடந்த முடிவைப் பார்க்கிறான். எடுத்த முடிவு ஒன்றுதான். வென்றால் அதற்குப் பெயர் வியூகம். தோற்றால் அதற்குப் பெயர் திமிர்! (நீண்ட கைத்தட்டல்)

எதிரணி வழக்கறிஞர் தம்பி எழுந்திருக்கப் பார்க்கிறார். என்ன கேட்கப் போகிறார் என்று எனக்கே தெரியும். “இரண்டும் ஒன்றா? தென்னாப்பிரிக்க அணியில் ஒருவர் மஞ்சள் அட்டை வாங்கி வெளியே போயிருந்தார். எதிரே ஒரு ஆள் குறைவு. அதனால் லீச் துணிந்தது கணக்கு. வேல்ஸ் அணியில் ஆள் குறையவில்லையே?” சரிதானே தம்பி? உண்மை. ஒப்புக்கொள்கிறேன். இன்னும் ஒன்றையும் நானே சொல்கிறேன். லைன் அவுட் பந்தை முன்முனைக்கு எறிந்தது சரியா, நடுவிலோ பின்முனையிலோ எறிந்திருக்கலாமா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்குப் பெயர் விமர்சனம். அதற்கு நான் தலைவணங்குகிறேன்.

ஆனால் ரசிகன் அதையா கேட்டான்? இன்னும் கேளுங்கள். அந்த ஆட்டத்தில் இடைவேளையில் இங்கிலாந்து 16-க்கு 9 என்று முன்னிலையில் இருந்தது. அப்புறம் எப்படித் தோற்றது? வேல்ஸின் டான் பிக்கர் அன்று ஏழு பெனால்டி உதைத்தார். ஏழு மூன்று இருபத்தொன்று! இருபத்தெட்டில் இருபத்தொரு புள்ளி, இங்கிலாந்துக்காரர்கள் செய்த தவறுகளுக்குக் கொடுத்த அபராதம். மிச்சம் ஏழு புள்ளி எப்படி வந்தது? வேல்ஸில் பின்களத்தில் ஓடி ஆடுகிற ஆட்கள் அடுத்தடுத்துக் காயம் பட்டு வெளியே போய்விட்டார்கள். ஆள் இல்லாமல், ஸ்க்ரம் பக்கத்தில் நின்று பந்தை எடுத்துக் கொடுக்கிற லாயிட் வில்லியம்ஸை ஓரத்தில் நிறுத்தினார்கள். அவர் பழக்கமில்லாத இடத்தில் ஓடி, குறுக்கே ஒரு உதை விட்டார். கேரத் டேவிஸ் பாய்ந்து எடுத்து ட்ரை போட்டார். அதைத் தொடர்ந்த உதையும் சேர்ந்து ஏழு.

ஆக, பல பேர் பல தடவை செய்த தவறு இருபத்தொரு புள்ளி. எதிரி காட்டிய வீரம் ஏழு புள்ளி. இதெல்லாம் ரசிகன் கணக்கில் வரவில்லை. கடைசியில் ஒருத்தன் எடுத்த ஒரு முடிவு மட்டும் வந்தது. ஏன்? அது கடைசியில் நடந்தது, கண்ணுக்குத் தெரிந்தது, அதற்கு ஒரு பெயர் இருந்தது. வீட்டில் கல்யாணம் நன்றாக நடக்காவிட்டால், கடைசியாகப் பாயசம் கொண்டு வந்தவனைத் திட்டுகிற மாதிரி! (சிரிப்பு)

அடுத்த வாரம் ஆஸ்திரேலியாவிடமும் தோற்று, இங்கிலாந்து முதல் சுற்றோடு வெளியேறியது. போட்டியை நடத்துகிற நாடு தனியாக முதல் சுற்றில் வெளியேறியது அதுவே முதல் தடவை. பயிற்சியாளர் பதவியை இழந்தார். ராப்ஷாவின் கேப்டன் பதவியும் போயிற்று. புதிய பயிற்சியாளராக யார் வந்தார் தெரியுமா? பிரைட்டனில் ‘மூன்றை எடு’ என்று துடித்தாரே, அந்த எடி ஜோன்ஸ்! கேப்டன் தன் பேச்சைக் கேட்காததால் கிடைத்த வெற்றி, அவர் பெயரையும் உலகம் முழுக்கக் கொண்டுபோயிற்று. அவரைக் குறை சொல்லவில்லை. அந்த ஜப்பான் அணியைத் தேய்த்து மெருகேற்றியவர் அவர்தான். நான் சொல்வது, புகழும் பழியும் எந்த வழியாக நடக்கின்றன பாருங்கள் என்பதைத்தான்.

ராப்ஷா என்ன செய்தார்? ஊர் முழுக்கத் திட்டியது. அவர் ஓடி ஒளியவில்லை. கேப்டன் பதவி போன பின்னும், இன்னொருவர் தலைமையின் கீழ் சாதாரண வீரனாக நின்று ஆடினார். 2016-ல் ஆறு நாடுகள் போட்டியில் இங்கிலாந்து ஐந்து ஆட்டங்களையும் வென்றது. அந்த அணியில் அவர் இருந்தார். பந்தோடு ஓடிப் பெயர் வாங்குகிற இடம் அல்ல அது. அடிமட்டத்தில் முட்டி மோதுகிற இடம். திட்டிய ரசிகர்களில் எத்தனை பேர் திரும்பி வந்து, “தம்பி, அன்றைக்கு அவசரப்பட்டுப் பேசிவிட்டோம்” என்று சொன்னார்கள்?

எதிரணி அம்மையார் கேட்டாங்க: “திட்டினதனாலதானே அவர் நல்லா ஆடினார்? அப்போ வளர்த்தது விமர்சனம்தானே?” அம்மா, அடித்தும் பிள்ளை பாஸாகிவிட்டான் என்பதால், அடித்ததனால்தான் பாஸானான் என்று சொல்லக் கூடாது. (கைத்தட்டல்)

இதற்கு இன்னொரு சாட்சி தருகிறேன். நியூஸிலாந்தில் ஸ்டீபன் டொனால்ட் என்று ஒரு வீரர். 2010-ல் ஹாங்காங்கில் ஆஸ்திரேலியாவோடு ஆட்டம். கடைசி நேரத்தில் இறங்கியவர் சில தவறுகள் செய்தார். ஆஸ்திரேலியா 26-க்கு 24 என்று ஜெயித்துவிட்டது. அவ்வளவுதான்! நாடே அவரை ஏசியது. 2011-ல் உலகக் கோப்பை சொந்த நாட்டில். அணியில் அவர் பெயர் இல்லை. மனுஷன் வலையை எடுத்துக்கொண்டு ஆற்றில் சின்ன மீன் பிடிக்கப் போய்விட்டார்.

இங்கே என்ன நடக்கிறது? அவர் ஆடுகிற பத்தாம் எண் இடத்தில் முதல் ஆளான டான் கார்ட்டருக்குக் காயம். இரண்டாம் ஆள் ஸ்லேடுக்குக் காயம். மீன் பிடித்துக்கொண்டிருந்தவருக்கு அழைப்பு. இறுதி ஆட்டத்தில் மூன்றாம் ஆள் குரூடனுக்கும் காயம். நாலாவது ஆள் உள்ளே வருகிறார். போட்டிருந்த சட்டைகூட அவருக்குச் சின்னது, வயிற்றுக்கு மேலே ஏறி நிற்கிறது! அன்று உதைத்துக்கொண்டிருந்த வீப்பு மூன்று உதைகளைத் தவறவிட்டிருந்தார். ஒரு பெனால்டி. டொனால்ட் உதைத்தார். மூன்று புள்ளி! கடைசியில் என்ன கணக்கு? நியூஸிலாந்து 8, பிரான்ஸ் 7. அந்த மூன்று புள்ளி இல்லாவிட்டால் கோப்பை இல்லை. இருபத்துநாலு வருஷத்துக்குப் பிறகு கிடைத்த கோப்பை!

உடனே எதிரணி, “பார்த்தீர்களா, விமர்சனம் அவரை வளர்த்தது” என்பார்கள். ஐயா, அவரை வளர்த்தது விமர்சனம் அல்ல. மூன்று பேருடைய காயம்! (சிரிப்பு, கைத்தட்டல்) ரசிகர்கள் சொன்ன தீர்ப்பை மட்டும் நம்பியிருந்தால், அந்த மனிதர் இன்னும் மீன் பிடித்துக்கொண்டுதான் இருப்பார்.

வியூகத்துக்கு வருகிறேன். 2023 இறுதி ஆட்டம், பாரிஸ் பக்கத்தில். தென்னாப்பிரிக்கா ஒரு புதுமை செய்தது. மாற்று ஆட்டக்காரர் எட்டுப் பேர். வழக்கமாக முட்டி மோதுகிற முன்களத்தார் ஐந்து பேர், ஓடி ஆடுகிற பின்களத்தார் மூன்று பேர் வைப்பார்கள். இவர்கள் முன்களத்தார் ஏழு, பின்களத்தார் ஒரே ஒருவர் என்று வைத்தார்கள். பின்களத்தில் இரண்டு பேருக்கு அடிபட்டால் என்ன செய்வது? சூதாட்டம்தான். ஆட்டம் முடிந்தபோது தென்னாப்பிரிக்கா 12, நியூஸிலாந்து 11. ஒரே புள்ளி! நியூஸிலாந்தின் கேப்டன் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறி, பதினாலு பேரோடு ஆடியும் வித்தியாசம் ஒரு புள்ளி. கடைசிக் கட்டத்தில் ஜோர்டி பாரெட் தொலைவிலிருந்து ஒரு பெனால்டி உதைத்தார். பந்து கம்பத்துக்கு வெளியே போயிற்று. ‘ஏழு-ஒன்று’ மாபெரும் வியூகம் என்று உலகம் பாராட்டியது. அந்தப் பந்து கொஞ்சம் உள்ளே வந்திருந்தால்? அதே உலகம், “ஏழு-ஒன்றாம்! முட்டாள்தனம்!” என்று சொல்லியிருக்கும். வியூகம் மாறவில்லை ஐயா. எதிரியின் கால் கொஞ்சம் மாறியிருந்தால் வியூகத்தின் பெயர் மாறியிருக்கும்!

இதெல்லாம் வாய்ப் பேச்சுதானே, வீரனுக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கேளுங்கள். 2015-ல் அந்த வேல்ஸ் ஆட்டத்தில் இங்கிலாந்துக்காக உதைத்துக்கொண்டிருந்தவர் ஓவன் ஃபாரல். 2023-ல் அவரே கேப்டன். அந்த உலகக் கோப்பையில் மைதானத்தில் அவர் பெயரை வாசித்தாலே ஊளையிட்டார்கள். அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவிடம் இங்கிலாந்து 15-க்கு 16 என்று தோற்றது. அந்தப் பதினைந்து புள்ளியையும் அடித்தவர் அவர் ஒருவரே! ஊருக்குத் திரும்பினார். நவம்பரில் ஒரு அறிவிப்பு வந்தது. தன் மனநலத்துக்காகவும் குடும்பத்துக்காகவும் நாட்டுக்கு ஆடுவதிலிருந்து விலகி நிற்கிறார் என்று. இறுதி ஆட்டத்தில் தொலைக்காட்சி நடுவராக இருந்த டாம் ஃபோலி, வந்து குவிந்த வசைகளைத் தாங்க முடியாமல் சர்வதேச ஆட்டங்களே வேண்டாம் என்று ஒதுங்கினார். நடுவர் அவர்களே, இது நடுவர்களுக்கும் வருகிற ஆபத்து. தீர்ப்பைப் பார்த்துச் சொல்லுங்கள்! (பலத்த சிரிப்பு)

மணி அடிக்கப் போகிறீர்கள். ஒரே ஒரு சொந்தச் செய்தி சொல்லி முடித்துவிடுகிறேன்.

எங்களுக்கு ஊரில் கொஞ்சம் மானாவாரி நிலம். வானம் பார்த்த பூமி. என் தகப்பனார் புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைப்பார். ஒரு வருஷம் விதைத்த மூன்றாம் நாள் மழை. பயிர் எல்லாருக்கும் முந்தி எழும்பியது. ஊரே சொன்னது, “மாமா கணக்குப் புலி!” அடுத்த வருஷம் அதே நாள், அதே விதை, அதே கணக்கு. மழை வரவில்லை. எறும்பும் குருவியும் விதையைத் தின்றன. அதே ஊர் சொன்னது, “ஆசைக்காரன், அவசரக்காரன்.” எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் பையன்கள் கேலி பேசினார்கள். வீட்டுக்கு வந்து நானும் கேட்டுவிட்டேன்: “ஏம்ப்பா இப்படி அவசரப்பட்டீங்க?” அப்பா பதில் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுப்படியிலிருந்து அம்மாதான் சொன்னாங்க: “விதைக்கிறது அவர் வேலை. பெய்யறது மழையோட வேலை. ரெண்டையும் அவர் தலையில ஏன்டா வைக்கிறே?”

லண்டனில் அந்தப் பெரியவர், “அவன் ஜெயிச்சான்” என்று சொன்னபோது எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஏனென்றால், பன்னிரண்டு வயதில் அதையே நானும் என் தகப்பனாரிடம் சொல்லியிருக்கிறேன். அப்பா இன்று இல்லை. அந்தக் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு வழி இல்லை.

என் தாய்க்கு எழுத்து தெரியாது. ஆனால் அவங்க சொன்னதை வள்ளுவர் ‘ஆள்வினை உடைமை’ என்ற அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். அதிர்ஷ்டம் கைகொடுக்காதது ஒருவன்மேல் குற்றம் ஆகாது. யோசித்து உழைக்காமல் இருந்தால்தான் குற்றம் என்பது அதன் கருத்து.

நல்ல ரசிகன் எப்படி இருப்பான் என்பதற்கும் நம் இலக்கியத்தில் சாட்சி உண்டு. வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான். சேரன் தோற்றான். முதுகில் புண்பட்ட நாணத்தால் வடக்கிருந்தான். எல்லாரும் வென்றவனைப் பாடுகிற நேரம். வெண்ணிக் குயத்தியார் என்ற பெண்பாற் புலவர் கரிகாலன் முன்னாலேயே நின்று கேட்டார்: வென்றவன் நீதான், ஆனால் உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா என்று! புறநானூற்றில் இருக்கிறது. வென்ற மன்னன் முகத்துக்கு நேரே, தோற்றவனின் மானத்தை எடுத்துச் சொன்னார் பாருங்கள், அவர் ஐயா ரசிகர்! அந்த மாதிரி ரசிகர்களின் விமர்சனம் வீரனை வளர்க்கும். நூறு முறை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இன்று நாம் காண்கிற ரசிகன் பலகையில் இருக்கிற எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறான். எண்ணைப் பார்த்துச் சொல்கிற தீர்ப்புக்கு ரசிகன் எதற்கு? பலகையே போதுமே! லீச்சைக் கொண்டாடிய அதே வாய் ஏழாம் நாள் ராப்ஷாவைக் கொன்றது. எனவே, ரசிகர்களின் விமர்சனம் இன்று வீரனை வதைக்கிறதே, வதைக்கிறதே என்று கூறி, நாளைக்கு உங்கள் வீட்டில் ஒருவர் யோசித்து ஒரு முடிவெடுத்துத் தோற்று வந்து நின்றால், “ஏன் தோற்றாய்?” என்று கேட்பதற்கு முன்னால், “என்ன நினைத்துச் செய்தாய்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். (நீண்ட கைத்தட்டல்)